இன்ஷூரன்ஸ் பரீட்சையும் பத்தாவது வில்லையும்

யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று மூட்டை கட்டிக்கொண்டு ஓடியவர்கள் எல்லாம் அசடு வழியத் திரும்பி வந்து, பூட்டிப்போட்ட வீடுகளைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்த சமயம். நாங்கள் அம்பத்தூரில் இருந்தோம். நான் தினமும் ரயிலேறிப் பட்டணம் போய் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். ஆபீஸ் ஆண்கள் பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால்தான் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. இதை எங்கள் மேனேஜர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார், நான் மறந்துவிடுவேனோ என்று.

கட்டட வேலையிலோ ஆலையிலோ ஒருவருக்குக் கை கால் போனால் முதலாளி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். முதலாளிகள் எங்கள் கம்பெனியில் பிரீமியம் கட்டிவைத்தால், அந்த நஷ்டஈட்டை அவர்களுக்குப் பதில் நாங்கள் கொடுப்போம். விபத்து நிஜம்தானா, வேலையில்தான் நடந்ததா என்று நேரில் போய் விசாரிக்க ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஆய்வாளர் ஆக வேண்டுமென்றால் தலைமை ஆபீஸ் நடத்தும் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சட்டம், உடற்கூறு, கணக்கு என்று எழுத்துப் பரீட்சைகள். அதற்கப்புறம் ஒரு நிஜமான விபத்தை விசாரித்துச் சொந்தமாக ஓர் அறிக்கை.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆய்வாளர்கள் கிறுக்கித் தரும் அறிக்கைகளை டைப் அடிப்பவள் நான். அவர்கள் இங்கிலீஷைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இதை நானே எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். பரீட்சை நடந்த இடத்தில் வாசலில் நின்றவர், "யாருக்கம்மா டிபன் கொண்டுவந்தே?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எழுத்துப் பரீட்சைகளில் தேறியும் விட்டேன். மீதி இருந்தது அந்த அறிக்கை ஒன்றுதான்.

மேனேஜர் ஒரு ஃபைலை என் மேஜையில் போட்டார். பட்டாபிராம் பக்கம் மிலிட்டரிக்காகப் பெரிய பெரிய கிடங்குகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சித்தாள் வேலை செய்த ஒரு பெண், கலவை மெஷினில் வலது கை மாட்டி விரல்கள் போய்விட்டன என்று நஷ்டஈடு கேட்டிருந்தாள். காண்ட்ராக்டர், அந்த விபத்து தன் இடத்தில் நடக்கவே இல்லை என்று எழுதியிருந்தார்.

"கத்துக்குட்டிக்கு ஏத்த கேஸ். போய்ப் பாரு, தள்ளுபடின்னு எழுது, சான்றிதழை வாங்கிக்கோ" என்றார் மேனேஜர்.

குடையும் கைப்பையுமாகப் பட்டாபிராமில் போய் இறங்கினேன். கிடங்கு வாசலில் ஒரு தகரக் கொட்டகை. அதன் சுவரில் பெரிய பலகை, பலகை முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஆணி எண் போட்ட பித்தளை வில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வில்லை உண்டு. காலையில் உள்ளே போகும்போது மாட்ட வேண்டும், சாயங்காலம் கழற்றிக்கொண்டு போக வேண்டும். மாட்டியிருந்தால் வந்ததாகக் கணக்கு. சித்தாள்கள் பத்துப் பத்துப் பேராகச் செட்டு சேர்ந்து வேலை செய்தார்கள். ஒரு செட்டின் வில்லைகளை எல்லாம் அதன் தலைவியே வாங்கி மொத்தமாக மாட்டிவிடுவது அங்கே வழக்கம்.

கேட் குமாஸ்தாவுக்கு அந்தப் பலகையில் அப்படி ஒரு பெருமை. "கை மாட்டுச்சுன்னு அந்தப் பொம்பளை சொல்ற அன்னிக்கும் அவ வில்லை தொங்குது, மறுநாளும் தொங்குது, அந்த வாரம் பூரா தொங்குது. நசுங்கின கையோட கலவைச் சட்டி தூக்குவாளா? எங்கியோ ரைஸ் மில்லுல கைய உட்டுட்டு எங்க மேல பழி போடுறா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை விடவில்லை. "ஆடிக் கிருத்திகை அன்னிக்கு ஊரே காவடி தூக்கிக்கினு திருத்தணிக்கு ஓடிச்சு. அன்னிக்குக் கூட இங்க ஒரு வில்லை குறையலம்மா" என்றார்.

நானும் அதை மனதுக்குள் குறித்துக்கொண்டு உள்ளே போனேன்.

கலவை மெஷின் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. பக்கவாட்டில் பல்சக்கரங்கள் சுற்றின. அவற்றின் மேல் பளபளவென்று புதிதாக ஒரு தகர மூடி இருந்தது. மெஷினில் மற்ற எல்லாம் துருவும் சிமெண்டும் அப்பிக்கிடக்க, இந்த மூடி மட்டும் நேற்றுக் கல்யாணமான மாதிரி மினுங்கியது. எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் புது மூடி எதற்கும் சாட்சி ஆகாது என்று சட்டப் புத்தகம் படித்த என் மூளை சொன்னது.

கை போன பெண்ணின் செட்டுப் பெண்களைத் தேடிப் பிடித்தேன். தலைவிக்கு நாற்பது வயது இருக்கும். சும்மாட்டுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் குடையைப் பார்த்து நான் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டாள். இல்லை என்று நான் எத்தனை சொல்லியும் கடைசிவரை டீச்சரம்மாதான்.

"கை போனது இங்கதான் டீச்சரம்மா. எல்லாரும் பாத்தோம். சக்கரத்துக்கு அப்போ மூடி கெடையாது. துணியச் சுத்தி ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. சீழ் வெச்ச பொறவுதான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க வெரல எடுத்துட்டாங்க" என்றாள்.

"அப்படியானா அந்த வாரம் முழுக்க அவ வில்லை எப்படி தொங்குச்சு?"

"அது எனக்கு இன்னா தெரியும்? குமாஸ்தாவக் கேளு."

மற்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் தலைவி முகத்தைப் பார்த்துவிட்டு, அதே பதிலைச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை தூரம் வெயிலில் வந்தவளிடம் பாதியைச் சொல்லிப் பாதியை மடியில் கட்டிக்கொண்டால் நான் என்ன செய்வது? மேனேஜர் சொன்ன மாதிரி தள்ளுபடி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுகலாம் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானச் சங்கு ஊதியது. வேப்பமரத்து நிழலில் அவர்களோடு நானும் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மரக்கிளையில் ஒரு தூளி தொங்கியது. ஒல்லியாக ஒரு சின்னப் பெண் அதிலிருந்து குழந்தையை எடுத்து மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். தலை நிற்காத பச்சைப்பிள்ளை. எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

"எப்ப பொறந்தான்?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆடிக் கிருத்திகை அன்னிக்குக்கா. எனக்கு வலி எடுக்கிது, ஸ்டேஷன்ல ரயிலு பூரா காவடி. அரோகரா போட்ட சத்தத்துல நான் போட்ட சத்தம் யாருக்குமே கேக்கல. அத்தொட்டு சாமி பேரே வெச்சிட்டோம்."

வாய்க்குக் கொண்டுபோன சோறு கையிலேயே நின்றது. ஆடிக் கிருத்திகை அன்றைக்கு ஒரு வில்லைகூடக் குறையவில்லை என்று குமாஸ்தா சொன்னாரே?

"அன்னிக்கு உன் வில்லையை யாரு மாட்டினது?" என்றேன்.

அவள் தலைவியைப் பார்த்தாள். தலைவி சோற்றுக்கையை உதறிவிட்டு, "வாய வெச்சிக்கினு சும்மா இருக்கிறாளா பாரு" என்று அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் மாட்டினேன். புள்ள பெத்துகினு கீறவ எப்டி சட்டி தூக்குவா? எங்கள்ல ஒருத்தி பெத்துப் படுத்தா மத்தவங்க அவ சட்டியயும் சேத்துத் தூக்குவோம். வில்லைய நான் மாட்டிடுவேன், கூலி அவ ஊட்டுக்குப் போயிடும். நாளைக்கு எம்பொண்ணு படுத்தா இவ தூக்குவா. காண்ட்ராக்டருக்கு ஒரு சட்டி கொறஞ்சுதான்னு கேட்டுப் பாரு."

"கை போனவளுக்கும் அப்படித்தானா?"

"அதே மாதிரிதான். யோசிக்கவே இல்ல டீச்சரம்மா. அவ வில்லை எங்கிட்ட இருந்துது, காலீல வந்ததும் கை தானா மாட்டிடிச்சி. அதுவே அவளுக்கு எதிரா சாட்சி சொல்லும்னு யாரு கண்டா?"

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அவ்வளவு அதட்டலாகப் பேசிய பெண்பிள்ளை அழுததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். மிலிட்டரி இடம், ஆள் இல்லாமல் வில்லை மாட்டினது தெரிந்தால் திருட்டு என்று எல்லோரையும் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்றாள். அந்தப் பயத்தில் தப்பில்லை. ஓர் உண்மையைச் சொன்னால் கை போனவளுக்கு நஷ்டஈடு கிடைக்கலாம், ஆனால் மற்ற ஒன்பது பேருடைய பிழைப்பு போகலாம். நான் படித்த மூன்று புத்தகங்களிலும் இதற்கு விடை இல்லை.

சாயங்காலம் தலைவியே என்னைப் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருந்த கை போன பெண்ணின் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புருஷன் ரோடு போடும் கூலிப் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போனவன், தகவலே இல்லை. நாங்கள் நுழைந்தபோது அவளுடைய சின்ன மகள் கேழ்வரகுக் களியை உருண்டை பிடித்துத் தாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லையாம். என்னைப் பார்த்ததும் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கை ஆறினதும் என்ன செய்வாய் என்று கேட்டேன். நஷ்டஈடு வந்தால் ஓர் எருமை வாங்கலாம் என்றாள். சட்டி பிடிக்க விரல் வேண்டும், எருமை மேய்க்க வேண்டாம் என்றாள். வில்லை விஷயத்தை எழுதினால்தான் அது கிடைக்கும் என்று நான் விளக்கினேன். அவள் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"எழுதாத டீச்சரம்மா. எனக்குப் போனது ஒரு கை. இவங்களுக்குப் பொழப்பே பூடும். அந்தப் பாவம் எனக்கு வாணாம்."

ஏரிக்கரையோடு திரும்பி நடக்கும்போது தலைவி, "எழுதுனா நிச்சயம் கெடைக்குமா?" என்று கேட்டாள். நிச்சயமாகச் சொல்ல முடியாது, எழுதாவிட்டால் கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாமல் நான் ஒரு வரி எழுதமாட்டேன் என்றும் சொன்னேன்.

ஆபீஸில் மேனேஜரிடம் நடந்ததை ஒப்பித்தேன். "மரத்தடியில கேட்டதெல்லாம் அறிக்கையில வராது. கைநாட்டு இருந்தா சாட்சி, இல்லாட்டி வம்பு" என்றார். இந்த வாரத்துக்குள் அறிக்கை போகாவிட்டால் மறுபடி அடுத்த வருஷம்தான் பரீட்சை என்பதையும் சேர்த்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சான்றிதழைப் பற்றிக் கவலை வந்திருக்க வேண்டும். எனக்கோ அந்தக் களி உருண்டைதான் கண்ணுக்குள் நின்றது.

மை டப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி முதல் ரயிலில் பட்டாபிராம் போனேன். கேட் திறக்கும் நேரம். காண்ட்ராக்டரும் அங்கே இருந்தார், வெள்ளை வேட்டியும் அதட்டலுமாக. செட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. நம் தலைவி வந்தாள். வழக்கம்போல் மடியிலிருந்து வில்லைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசியாக ஒன்று கையில் இருந்தது. அதை ஆணியில் மாட்டாமல் குமாஸ்தாவின் மேஜை மேல் டொக்கென்று வைத்தாள்.

"இது கை போனவ வில்லை. அவ வரல. கை போன வாரம் பூரா நான்தான் மாட்டினேன். இனிமே ஆள் இல்லாம ஒரு வில்லையும் மாட்ட மாட்டேன்."

குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டார். காண்ட்ராக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. திருட்டுக் கும்பல், போலீசைக் கூப்பிடு, அத்தனை பேரையும் வெளியே தள்ளு என்று கத்தினார்.

"தள்ளு நைனா. நாங்களே போறோம். கலவைய நீயே தூக்கு" என்றாள் தலைவி, குரலை உயர்த்தாமல்.

அப்போதுதான் நான் கனவிலும் நினைக்காத ஒன்று நடந்தது. பக்கத்துச் செட்டிலிருந்து ஒருத்தி வந்தாள். பலகையில் இருந்து ஒரு வில்லையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "எங்க செட்டுலயும் ஒருத்தி பெத்துப் படுத்துகினு கீறா" என்றாள். அடுத்த செட்டிலிருந்து இன்னொருத்தி. இவளுடைய செட்டில் ஒருத்திக்கு மலேரியாக் காய்ச்சல். மேஜையில் வில்லைகள் சேர்ந்துகொண்டே போயின. அந்தக் கிடங்கு முழுவதும் எல்லாச் செட்டிலும் இதே வழக்கம்தான், ஒரு செட்டுக்கு இன்னொரு செட்டு சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவே. குமாஸ்தா தன் பெருமைக்குரிய பலகையைப் பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடையால் வாயை மறைத்துக்கொண்டேன்.

காண்ட்ராக்டரும் பலகையைப் பார்த்தார். முன்னதாகவே வந்த மெஷின்காரர்கள் போட்ட கலவை உள்ளே இறுகிக்கொண்டிருந்தது. மழை வருவதற்குள் கூரை போட்டாக வேண்டும் என்று மிலிட்டரிக்காரர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பெண்களையும் அனுப்பிவிட்டு வேறு ஆள் பிடிக்க அந்த யுத்த காலத்தில் அவரால் முடியாது. இதுதான் சமயம் என்று நான் முன்னால் போனேன்.

"நஷ்டஈடு உங்க பையிலேர்ந்து போகப் போறதில்லை சார். எங்க கம்பெனி கொடுக்கும். பிரீமியம் கட்டினது பின்னே எதுக்கு? விபத்து நடந்ததுன்னு நீங்க ஒத்துக்கிட்டா போதும். இவங்க உங்களுக்கு ஒரு சட்டி வேலைகூடக் குறைக்கலன்னும் என் அறிக்கையில எழுதறேன்" என்றேன். குரல் நடுங்காமல் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் என்னையும், புது மூடி போட்ட மெஷின் இருந்த திசையையும் பார்த்தார். மூடி இல்லாத சக்கரத்தைப் பற்றி மிலிட்டரி என்ஜினீயருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் விபத்தையே மறைத்திருந்தார். மூடி எப்போது போட்டது என்பதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொன்னபோது பல்லைக் கடித்தார். கடைசியில், "எல்லாரும் போய் வேலையப் பாருங்க" என்றார். ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை.

கவிழ்த்துப் போட்ட ஒரு சட்டியின் மேல் காகிதத்தை விரித்து ஒன்பது பேரிடமும் கைநாட்டு வாங்கினேன். சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் ரேகை தேய்ந்துபோன கட்டைவிரல்கள். சிலருக்கு இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.

என் அறிக்கையை மேனேஜர் இரண்டு முறை படித்தார். கம்பெனியைக் காசு கொடுக்க வைக்கும் அறிக்கையை எழுதிச் சான்றிதழ் கேட்கும் முதல் ஆள் நான்தான் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிள்ளை எப்ப பொறந்துதுன்னு கேக்கணும்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?" என்று கேட்டார். எதிலும் இல்லை சார் என்றேன். "ம்" என்று கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைத்தது. எனக்குச் சான்றிதழ் வந்தது. அதில் மிஸ்டர் என்று அச்சடித்திருந்ததை யாரோ பேனாவால் அடித்து மிஸ் என்று திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தத்தோடேயே கண்ணாடி போட்டு மாட்டினேன்.

சில மாதம் கழித்து வேறொரு விசாரணைக்காக அந்தப் பக்கம் போனபோது, கிடங்கு வாசலில் ஒரு மோர்ப் பானை. பானைக்குப் பின்னால் அவள். எருமை வாங்கிவிட்டாள். இடது கையால் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஆரம்பத்தில் இடது கை மோரை வாங்க எல்லோரும் தயங்கினார்களாம். முதல் குவளையை வாங்கி, ஊரே பார்க்க நின்று குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டவள் செட்டுத் தலைவியாம். எனக்கும் ஒரு குவளை கொடுத்தாள். உப்பு தூக்கல்தான், ஆனாலும் இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அதற்கப்புறம் நிறைய விபத்துகளை விசாரித்தேன், நிறைய அறிக்கை எழுதினேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் ஒரு குறையும் இல்லாமல் எல்லோரும் வந்ததாகச் சொல்லும் கணக்கு எதையாவது பார்த்தால், இதற்குள் யார் யாருக்காகச் சட்டி சுமந்தார்களோ என்று இன்றைக்கும் என் மனம் முதலில் அதைத்தான் தேடுகிறது.